மைத்துனனை நான் குடையால் அடிக்கவில்லை

முத்தாரம்மன் துணை

வெள்ளிச்சந்தை,
கொல்லம் 1127, தை மாதம்.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி கிருஷ்ணமணி அவர்கள் சமூகத்துக்கு, சுடலையாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சொர்ணம்மாளும் மகள் பகவதியும் சினைப்பசுவும் சுகம். நெய்யூரில் தாங்களும் தங்கள் வீட்டம்மாள் சண்முகவடிவும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க அம்மன் அருளட்டும்.

தங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. கல்யாணப் பந்தலுக்கு ஓலை முடைய ஆட்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பிரித்தேன். படித்ததும் அவர்களைப் பிறகு வரச் சொல்லிவிட்டேன். நான் என் மைத்துனன் நாராயணபெருமாளைச் சந்தையில் வைத்துக் குடையால் அடித்தேன் என்றும், அவன் என் வீட்டு நடை ஏறுவதில்லை என்றும் குளச்சல் மீன் ஏலத்தில்கூடப் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். "தாய்மாமன் நடை மிதிக்காத வீட்டில் பெண்ணெடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை" என்று முடித்திருந்தீர்கள். நியாயமான வார்த்தை. ஆனால் எல்லாக் கவலையும் நேற்றோடு தீர்ந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் இந்தத் தேர்தலால் வந்த வினை. எனக்கு ஆள் தராசுச் சின்னம் வக்கீல் குமாரதாஸ், பி.ஏ., பி.எல். மைத்துனனுக்கு ஆள் வண்டிச் சின்னம் காண்ட்ராக்டர் இஸ்ரவேல். அவன் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால், "உம்ம வக்கீலு பி.எல். பரீட்சைய மூணு தடவ எழுதினவருலா?" என்று கேட்டுவிட்டான். மூன்று தடவை படித்தவருக்குச் சட்டம் மூன்று மடங்கு தெரியாதா என்று கேட்டேன். கடை சிரித்தது. பதிலுக்கு நான், காண்ட்ராக்டர் கட்டிய பாலம் ஐப்பசி மழையில் கடலுக்குப் போன கதையை எடுத்தேன். அதற்கு அவன், "பாலம் போச்சு, செரி. ஆளு யாராவது செத்தானா? சொல்லும் பாப்பம்" என்றான். சாவதற்கு அதில் யாராவது ஏறியிருக்க வேண்டுமே என்றேன் நான். இப்படியே வக்கீல் கட்சிக்காரனிடம் வாங்கித் தின்ற பலாப்பழம், காண்ட்ராக்டர் சிமெண்டில் கலந்த கடல் மணல் என்று ஒழுக்கத்தை அலசி அலசி, அந்த மாதம் முழுவதும் என் தென்னைக்கு நான் தண்ணீர் விடவில்லை. வக்கீலுக்கோ காண்ட்ராக்டருக்கோ எங்கள் இரண்டு பேரையும் எதிரே கண்டால் அடையாளம் தெரியாது என்பது வேறு விஷயம்.

குடை விஷயத்துக்கு வருகிறேன். சந்தையில் அவன், "கள்ளக்கேசு வக்கீலுக்கு வால் பிடிக்கவரு எனக்க மருமவளுக்கு என்ன யோக்கியத சொல்லிக்குடுத்திருப்பாரு?" என்றான். மகளைப் பேச்சில் இழுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குடையை உயர்த்தினேன், உயர்த்தியது அம்மன் கோயில் பக்கம் காட்டிச் சத்தியம் செய்யத்தான். அந்த நேரம் பார்த்து அது தானாக விரிந்து, ஒரு கம்பி அவன் தோளில் கிடந்த துவர்த்தில் மாட்டிக்கொண்டது. அவன் அந்தத் துண்டை இழுத்தான், நான் குடையை இழுத்தேன். துண்டு கிழிந்தது, குடை மடிந்தது, நாங்கள் இரண்டு பேரும் மரச்சீனிக் கிழங்குக் குவியலில் உட்கார்ந்தோம். இதைத்தான் ஊர் அடிதடி என்கிறது. எழுந்த கையோடு அவன், "இனி உம்ம நடைய மிதிச்சா எம்பேரு நாராயணபெருமாள் இல்ல வேய்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தால் சொர்ணம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்க தம்பி கைபிடிச்சுக் கூட்டிட்டு வராம எனக்க மவ மணவறையில இருக்கமாட்டா. வக்கீல வந்து கைபிடிக்கச் சொல்லுங்க." பகவதி, கோட்டாறில் எடுத்த கல்யாணச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது சம்பந்தி. ஆனாலும் வாயைத் திறந்து மைத்துனனைக் கூப்பிட என் கௌரவம் விடவில்லை.

ஓட்டுப்போடும் நாளும் வந்தது. ஆண்கள் நாங்கள் முறைத்துக்கொண்டு தெருவுக்கு ஒரு ஓரமாய்ப் போக, சொர்ணம்மாளும் மைத்துனன் பெண்டாட்டி நாகம்மையும் மட்டும் கைகோத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போவதுபோலச் சிரித்துக்கொண்டு சாவடிக்குப் போனார்கள். சாவடியில் ஆளுக்கொரு சின்னம் ஒட்டிய பெட்டி. திரும்பி வந்ததும் சொர்ணம்மாளிடம் "தராசுப் பெட்டிதானே?" என்று கேட்டேன். "பெட்டியிலதான் போட்டேன்" என்றாள். எனக்குத் திருப்தியாய் இருந்தது.

நேற்று டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் இருந்தோம். நாகர்கோவில் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து முடிவைச் சொன்னார். ஜெயித்தது வக்கீலும் இல்லை, காண்ட்ராக்டரும் இல்லை. விளக்குச் சின்னம் புளியடி வைத்தியர்! நாங்கள் யாருமே ஒரு பொருட்டாய் நினைக்காத ஆள். புளிய மரத்தடியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். அவர் மேடையில் பேசிய ஒரே பேச்சு, "இடுப்பு வலி உள்ளவிய நாளைக்குக் காலத்த வாருங்க" என்பதுதான். எங்கள் சாவடியிலும் அவர் பெட்டிதான் நிறைந்ததாம். எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தான், இந்த ஆளு நாலாங்கிளாசுதானே?"

அத்தான்! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "நாலும் முழுசாப் படிக்கல மக்கா" என்றேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வீடு வரை வைத்தியரைத் திட்டிக்கொண்டே வந்தோம். பேச்சு சுவாரசியத்தில் அவன் நடையேறி அடுக்களை வரை வந்துவிட்டதை அவனே கவனிக்கவில்லை. சொர்ணம்மாள் மரச்சீனியும் சாளை மீன் குழம்பும் வைத்தாள். இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். கல்யாணத்தன்று விடியுமுன்னே வந்து மருமகளைக் கைபிடித்துக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஓலை முடைகிறவர்களுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன்.

சாப்பிடும்போது அவன் ஒன்று சொன்னான். வைத்தியருக்கு அவருடைய சொந்தத் தங்கை புருஷனே ஓட்டுப் போடவில்லையாம்; பேச்சுவார்த்தையே கிடையாதாம். "அந்த மனுசன் புத்திசாலி" என்றான் மைத்துனன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன இருந்தாலும் பெண்டாட்டி கூடப்பிறந்தவனோடு முகம் கொடுத்துப் பேசாதவன் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சனாய் இருப்பான்! அப்படிப்பட்டவன் வீட்டில் எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? பட்டவன் சொல்கிறேன்.

ஆகவே தாங்கள் மனக்கிலேசம் இல்லாமல் குறித்த முகூர்த்தத்துக்குக் குடும்ப சமேதராய் வரவேண்டியது. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். வீட்டம்மாளுக்குச் சொர்ணம்மாளின் அன்பு. அரசியலுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
சுடலையாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இதைச் சொர்ணம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் அவள் சிரித்த சிரிப்பில் தொழுவத்தில் பசு மிரண்டது. "புளியடி வைத்தியரு யாருண்ணு நெனச்சிய? நம்ம சம்பந்தியம்மைக்கு கூடப்பிறந்த அண்ணன்லா! நாலாங்கிளாசுக்காரன் தேர்தல்ல நின்னா குடும்பத்துக்கு வெக்கக்கேடுண்ணு சம்பந்தி அண்ணாச்சி சொன்னதுல ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்ல. நிச்சயத்துக்கும் கூப்பிடல்ல. கோட்டாறுல சேலை எடுக்கப் போனப்பமே அந்த அம்மை எங்கிட்ட அழுதாவ. மாப்பிளைக்கத் தாய்மாமன் நிக்கும்பம் நானும் நாகம்மையும் வேற பெட்டியிலயா போடுவோம்? தெருப் பொம்பளைக அத்தன பேருட்டயும் சொல்லியாச்சு." நான் பதறிப்போய், கல்நெஞ்சன் என்று எழுதிய இடத்தில் மையைக் கொட்டப் போனேன். அவள் மைக்கூட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒரு எழுத்து மாத்தப்பிடாது. அண்ணாச்சி படிக்கட்டு" என்கிறாள். எனவே மாற்றாமல் அனுப்புகிறேன். தாய்மாமன் நடை மிதிக்காத வீட்டுக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்திலும் இல்லை சம்பந்தி. முதலில் போய் வைத்தியரை அழையுங்கள். முகூர்த்தத்துக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். மரச்சீனிக் குவியலில் விழுந்ததிலிருந்து எனக்கும் இடுப்பு வலி.