அலமாரியில் நின்றது குறித்துச் சம்பந்திக்கு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவன், ஓய்வுபெற்ற லிப்ட் பரிசோதகன், வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை என் மனைவி சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். என் நிலைமையைச் சனிக்கிழமை நீங்களே நேரில் பார்த்துவிட்டீர்கள். உங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மா சுகத்தையும் விசாரிக்க எனக்கு இனி யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

சனிக்கிழமை காலை நீங்கள் வாடகைக்குப் பார்க்க வந்த மூன்றாவது மாடி வீட்டில், படுக்கையறை அலமாரியைத் திறந்தபோது உள்ளே நின்றிருந்த ஆள் நான்தான். அது உங்களுக்கே தெரியும். தெரிந்தும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், "பரவாயில்லைங்க, நீங்க இருங்க" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி எப்படியோ சமாளித்திருப்பேன். மரியாதையாகக் கதவைச் சாத்தினால் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

அந்த வீடு என்னுடையது. நம் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பேச நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காப்பி ஆறுவதற்குள், "எனக்கு ரெண்டு வீடு" என்று மூன்று முறை சொன்னேனே, அதில் இரண்டாவது வீடு அது. அதை நான் வாங்கிய காலத்தில் வீட்டு விலை நான் பரிசோதித்த எந்த லிப்டையும்விட வேகமாக மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே போவது ஒரு இடத்தில் நிற்கும், கீழேயும் வரும் என்று காலமெல்லாம் கம்பிவடத்தையும் பிரேக்கையும் பார்த்தே பிழைத்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பேங்கில் கடன் வாங்கி வாங்கினேன். வாங்கிய மறு வருஷம் விலை இறங்க ஆரம்பித்தது. "இது சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் பதில் பேசாத விஷயங்களில் நான் ஜெயித்ததே கிடையாது.

அங்கே குடியிருந்தது ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் கணவனும். சுவரில் ஆணி அடிக்கக்கூட என்னைக் கேட்டுத்தான் அடிப்பார்கள். அந்தப் பெண் ஒரு நாள் வந்து, "சார், எதிர்க் கட்டடத்துல இதே அளவு வீடு வாடகை குறைச்சலா கிடைக்குது. எங்களுக்கு இந்த வீடுதான் பிடிச்சிருக்கு. நீங்க கொஞ்சம் பார்த்துச் செஞ்சா இங்கேயே இருந்துடுவோம்" என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது வீடும்மா. பேரம் பேச இது ஒண்ணும் கத்திரிக்காய் இல்லை" என்றேன். சொல்லிவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று எனக்கே ஒரு திருப்தி. அடுத்த மாதம் வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க் கட்டடத்துக்கே குடிபோய்விட்டார்கள். இப்போது அவர்கள் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் என் வீட்டு ஜன்னல் தெரியும். சாத்தியே கிடக்கும் ஜன்னல்.

காலி வீடு என்பது வேலைக்குப் போகாத பிள்ளை மாதிரி, சம்பந்தி. வருமானம் கிடையாது, செலவு மட்டும் குறையாது. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், கடைசியில் சமையலறைக் குழாய்கூடத் துருப்பிடித்தது. விற்றுவிடலாம் என்று ஒரு புரோக்கரைப் பிடித்தேன். எப்போதும் விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே பேசுவதால் அவனுக்கு 'சாவி' என்றுதான் பேர். உங்களை அழைத்து வந்தவனும் அவனே. அவன் என் விலையைக் கேட்டுவிட்டுச் சுழற்றுவதை நிறுத்தினான். "சார், இப்ப விக்காதீங்க. விக்கிறதுன்னா போன வருஷ விலையை மறந்துட்டு வாங்க. இல்லேன்னா வாடகைக்கு விட்டுட்டுப் பேசாம இருங்க. வர்ற ஆள் நல்ல ஆளா இருந்தா வாடகையைக் குறைச்சாவது பிடிச்சு வெச்சுக்கணும். முன்னாடி இருந்தவங்க எதுக்குப் போனாங்க?" என்றான். நான் குழாயைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

அதன்பிறகு அவன் சொன்னபடி எல்லாம் ஆடினேன். காலியாகக் கிடந்தால் வீடு செத்த மாதிரி தெரியும், ஆள் நடமாட்டம் இருக்கிற மாதிரி வையுங்கள் என்றான். எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் பாதி, இரண்டு நாற்காலி, ஒரு மண்தொட்டிச் செடி எல்லாம் அங்கே போயின. என் சட்டைகள் நாலைந்தை அலமாரியில் தொங்கவிட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவன் சொன்னது, வீடு பார்க்க வருகிறவர் கண்ணில் வீட்டுக்காரர் படவே கூடாது. "உங்க முகத்தைப் பார்த்தாலே அவசரம்னு தெரியுது சார். ஓனர் வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லிடறேன்" என்றான். இப்படியாக நான் என் சொந்த ஊரிலேயே, என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, வெளிநாடு போனேன்.

சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து ஒட்டடை அடிக்கப் போனேன். தூசி ஒத்துக்கொள்ளாது என்பதால் தலைக்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். படுக்கையறையில் இருக்கும்போது வாசலில் சாவிக்கொத்துச் சத்தம். முன்வாசலைத் தவிர அந்த வீட்டில் வெளியேற வழி கிடையாது. யோசிக்க நேரம் இருந்திருந்தால் குளியலறைக்குப் போயிருப்பேன். நேரம் இல்லை. ஒட்டடைக்கம்பும் கையுமாக அலமாரிக்குள் நுழைந்து கதவை இழுத்துக்கொண்டேன். மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் பதறக் கூடாது, நிதானமாக மூச்சு விட வேண்டும் என்று எத்தனையோ கட்டடங்களில் நோட்டீஸ் ஒட்டியவன் நான். நிதானமாகவே மூச்சு விட்டேன், உங்கள் குரல் கேட்கும்வரை.

"அதாவது, டைல்ஸ் நம்ம கடைச் சரக்கு மாதிரி இருக்கே" என்றீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அதாவது' என்று ஆரம்பிக்கிற டைல்ஸ் கடைக்காரர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பிறகு புரோக்கர் சாவியைப் பால்கனிப் பக்கம் அனுப்பிவிட்டு, நீங்களும் சம்பந்தியம்மாவும் அந்த அறைக்குள் வந்து பேசியதை எல்லாம் கேட்டேன். காதைப் பொத்திக்கொள்ள ஒரு கைதான் மிச்சம் இருந்தது. இன்னொரு கையில் கம்பு.

"வீடு கட்டுறவனே இல்லாதப்ப டைல்ஸ் யாரு வாங்குவா? கடையை மூடினதுக்கு அழல. வீட்டை வித்ததுதான்..." என்று சம்பந்தியம்மா நிறுத்தினார்கள். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். இந்த வாடகை நமக்குக் கட்டுமா?" என்று கேட்டார்கள். "அதாவது, கேட்டுப் பார்ப்போம். ஆனா ஒண்ணு. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. ரெண்டு வீட்டுக்காரர். அவர் முன்னாடி நான் எப்படி நிப்பேன்?" என்றீர்கள்.

சம்பந்தி, போன மாதம் உங்கள் வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது, யாரும் வரவேண்டாம் என்று நீங்கள் சொன்னபோது, "பணக்கார வேலை" என்று என் மனைவியிடம் கேலி செய்தேன். அதை நினைத்து அந்த அலமாரிக்குள் கூனிக் குறுகினேன். வெளியே வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் மானம் மட்டும் போவதென்றால் வந்திருப்பேன். வந்தால் உங்கள் மானமும் சேர்ந்து போகும். இப்படித் தத்தளித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள், ஒரு நல்ல வாடகைதாரர் செய்ய வேண்டியபடி, அலமாரி எவ்வளவு ஆழம் என்று பார்க்கக் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

அப்போது நான் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். ஒரு கதவு திறந்து எதிரே ஆள் நின்றால் என் வாயில் தானாக வருவது ஒன்றுதான். துண்டுக்குள்ளிருந்து, "மேலயா, கீழயா?" என்று கேட்டேன். கண்ணாடி இல்லாததால் உங்கள் முகம் சரியாகத் தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு அந்த வார்த்தையைச் சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். சம்பந்தியம்மா என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பழைய துணி" என்றீர்கள். அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

கதவு பூட்டிக்கொள்ளவில்லை. ஒரு விரலால் தள்ளினால் திறந்திருக்கும். நீங்கள் எல்லோரும் போன பிறகும் நான் தள்ளவில்லை. என் சட்டைகளுக்கு நடுவே அப்படியே நின்றேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆளைக் காணோமே என்று தேடி வந்த என் மனைவிதான் திறந்தாள். "இங்க என்னங்க பண்றீங்க?" என்றாள். சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, "அவங்க வீடு போச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "போன்ல பேசினா சமாளிச்சிடுவீங்க. எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். நான் இரண்டு வீட்டுக்காரன் இல்லை. ஒன்று பேங்குக்காரர் வீடு, இன்னொன்று என் மனைவி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த வீடு. என் முன்னால் நிற்க நீங்கள் கூச வேண்டியதில்லை. கூசுகிற வேலையை இரண்டு பேருக்கும் சேர்த்து நானே செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். லேப் பெண் கேட்ட வாடகையே போதும். கடை மூடிய சமயம், அதையும் மெதுவாகத் தாருங்கள். நான் வீட்டுக்காரனாக இருந்துகொண்டே உங்களுக்கு வாடகைதாரர் பக்கம் நின்று சில யோசனை சொல்கிறேன்: அட்வான்ஸ் அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள், நான் கேட்டாலும் சரி. சமையலறைக் குழாயை மாற்றித் தரும்வரை சாமான் இறக்காதீர்கள். சொன்னதை எல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், என் வாய்ச்சொல்லின் தரம் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் வாடகை இறங்கினால் தயங்காமல் வந்து கேளுங்கள். கத்திரிக்காயைப் பற்றி நான் பேச மாட்டேன்.

நான் கேட்ட உங்கள் விஷயம் என்னோடு போகும். பிள்ளைகள் காதுக்குப் போகாது. என் விஷயத்தையும் நீங்கள் அவர்களிடம் சொல்லாமல் இருந்தால், எங்கள் வீட்டில் எனக்கு மிச்சம் இருக்கிற கொஞ்சம் மரியாதை தப்பிக்கும்.

உங்கள் இருவர் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கையெழுத்திடும்,
உங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வெளியூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமாவும் அத்தையும் வாடகைக்கு வீடு தேடுறாங்க. எங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க, எனக்கு மனசு கேக்கல" என்றாள். "சனிக்கிழமை பார்த்த வீடு அத்தைக்கு ரொம்பப் பிடிச்சுதாம்பா. மாமாதான் வேண்டாம்னுட்டாரு. அங்க அலமாரிக்குள்ள ஒரு பெரியவர் ஒளிஞ்சு தங்கியிருக்காராம். போக்கிடம் இல்லாதவர் போல, தலையில துணியைச் சுத்திக்கிட்டு, பாவம், என்னமோ மேலே கீழேன்னு பேசினாராம். புரோக்கர் பார்த்தா துரத்திடுவான்னு மாமாவே கதவைச் சாத்திட்டு வந்துட்டாராம். நாம குடிபோனா அவர் எங்க போவாருன்னு கேக்கிறாரு" என்றாள்.

"முகம் பார்த்தாராமா?" என்று கேட்டேன். "இல்லப்பா, வயசானவர்னு மட்டும் தெரிஞ்சுதாம்" என்றாள்.

ஆக, நீங்கள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மேலே எழுதிய விளக்கத்தில் ஒரு வரிகூடத் தேவைப்பட்டிருக்காது. போனை வைத்ததும் கடிதத்தைக் கிழிக்க எடுத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். கிழித்தால் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்களும் அந்த வீடு வேண்டாம் என்று மாசக் கடைசிவரை தெருத்தெருவாக அலைவீர்கள், போக்கிடம் இல்லாத ஒரு பெரியவருக்காக. அவருக்குப் போக்கிடம் இருக்கிறது, சம்பந்தி. காலி செய்துவிட்டார். நீங்கள் வரலாம்.

தபால்பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது, நானே போய்ப் போட்டுவிடுகிறேன் என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.