சோலியில்லாக் கத்தி

மலைச்சாரலில் அமைதி நிலவ வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு போடிமெட்டுச் சாலையில் ஒரு புதிய அலுவலகம் திறக்கப்பட்டது. 'மலைப்பாதை சாகசப் பாதுகாப்புப் பிரிவு' என்று பெயர். அமைதிக்கு அதுவரை அங்கே ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனாலும் மேசை வந்து இறங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் பிரேம்சிங் என்கிற அதிகாரியும் வந்து உட்கார்ந்துவிட்டார். இனி அவர் எதையாவது தடுத்தே ஆகவேண்டும்.

முதல் காரியமாக அவர் தடுத்தது சின்ராசுவின் ஜீப்பை. ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தூக்குச்சட்டி, சாக்குத்துணியில் சுற்றிய ஒரு கவாத்துக் கத்தி. ஏலச்செடியில் முற்றிக் காய்ந்த தட்டைகளை வெட்டிக் கழிப்பதுதான் கவாத்து. அதற்கு அதுதான் பருவம். கத்தியில்லாமல் மேலே போனால் தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். நாலு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். ஜீப்பிலும் இடம் போய்விடும், தோட்டத்திலும் இடம் போய்விடும்.

"இது மடங்காத கத்தியாச்சேம்மா," என்றார் பிரேம்சிங், ஓரமாக உட்கார்ந்திருந்த காளீஸ்வரியின் கத்தியைப் பிரித்துப் பார்த்துவிட்டு.

"கத்தி எதுக்கு சார் மடங்கணும்? மடங்குனா வெட்டாதுல்ல?"

"அதத்தாம்மா ஆணையும் சொல்லுது. மடங்காத அலகு உள்ளதெல்லாம் ஆயுதம்."

அப்போது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து கால்சட்டைக்கு ஏகப்பட்ட பை வைத்த நாலைந்து பேர் இறங்கி இடுப்பை வளைத்துச் சோம்பல் முறித்தார்கள். ஒவ்வொரு இடுப்பிலும் தோலுறை போட்ட கத்தி. காளீஸ்வரியின் கத்தியைவிட நீளம், கனமும் கூட. அவர்களுக்கு அதிகாரி வழிவிட்டதோடு ஒரு வணக்கமும் வைத்தார்.

"அது மட்டும் மடங்குமா சார்?" என்றாள் காளீஸ்வரி.

"மடங்காது. ஆனா அது ஆயுதமில்ல, உபகரணம். அவங்க புஷ்கிராஃப்ட் செய்யறவங்க. காட்டுல போய்க் கத்தியை வச்சுப் பொழுதுபோக்குறவங்க. கத்தி சோலிக்குப் பயன்பட்டா ஆயுதம், பொழுதுபோக்குக்குப் பயன்பட்டா உபகரணம். சோலி இருக்கிறவனுக்குக் கோவம் வரும். கோவம் வர்றவன் கையில கத்தி இருக்கலாமா? சோலி இல்லாதவனுக்கு எங்கேயிருந்தும்மா கோவம் வரப்போகுது?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று காளீஸ்வரி தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. கத்திகள் அரசு மேசைக்கு அடியில் போயின. ஜீப்பு வந்த வழியே திரும்பியது.

"இப்ப என்னக்கா செய்யறது?" என்றான் சின்ராசு.

"நமக்கும் சோலி இல்லேன்னு ஆக்கிக்கிருவோம் அப்பு. வெரசா தேவாரத்துக்கு வண்டிய விடு."

தேவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குள் சூர்யபிரகாஷ் என்பவன் புஷ்கிராஃப்ட் முகாம் நடத்திவந்தான். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தான் இயற்கையைவிட்டுப் பிரிந்துவிட்டதாக ஒருநாள் அவனுக்குத் தெரியவந்தது. உடனே ஊர் திரும்பி, தாடி வளர்த்து, இடுப்பில் கத்தி கட்டினான். அவனைப் பார்த்து ஊரே கட்டியது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் இடுப்பில் கத்தி. நகைக்கடை வாசலில் வாட்ச்மேனிடம் இல்லை, முதலாளியிடம் இருந்தது. வங்கி மேலாளர் ஒருவர் வாழைப்பழத்தைக்கூடக் கத்தியால்தான் உரித்தார்.

முகாமில் பெரும்பகுதி நேரம் கத்தியைத் தேர்ந்தெடுப்பதிலேயே போனது. அலகிலிருந்து கைப்பிடியின் அடிவரைக்கும் ஒரே இரும்பாக ஓட வேண்டும். ரொம்பத் தடிமன் என்றால் சீவாது, ரொம்ப மெலிசு என்றால் பிளக்காது. கைப்பிடி கைக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, ஆளின் சுபாவத்துக்கும் பொருந்த வேண்டும். துருப்பிடிக்கிற இரும்பு நல்லதா, பிடிக்காத இரும்பு நல்லதா என்ற சர்ச்சையில் இரண்டு மருத்துவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவே எந்தக் கத்தியாலும் எதையும் யாரும் வெட்டவில்லை.

காளீஸ்வரியிடம் ஒரு கத்தியைக் கொடுத்தார்கள். புதுக் கத்தி கைக்கு வந்தால் அவள் வழக்கம் ஒன்று உண்டு. கண்ணில் ஒற்றிக்கொண்டு, சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். முகாம் திகைத்தது. பிறகு படம் எடுத்தது. பொழுது சாய்வதற்குள் வெளிநாட்டுக் கத்தி அத்தனைக்கும் சந்தனப் பொட்டு ஏறிவிட்டது. காலையில் பார்த்தால் பொட்டு வைத்த இடமெல்லாம் துரு.

"துருன்னு சொல்லாதீங்க," என்றான் சூர்யபிரகாஷ் உணர்ச்சியோடு. "அது கத்தியோட அனுபவம்."

விறகைப் பிளக்கச் சொன்னார்கள். காளீஸ்வரி ஒரே போடாகப் போட்டாள்.

"அக்கா! முடிச்சிட்டீங்களே!" என்று அலறினான் சூர்யபிரகாஷ். "முடிச்சுட்டா அப்புறம் என்ன செய்யறது? கத்தியைக் கட்டைமேல வைங்க. இன்னொரு கட்டையால மெதுவாத் தட்டுங்க. சத்தத்தைக் கேளுங்க. மூச்சைக் கவனிங்க."

காளீஸ்வரி மூச்சைக் கவனித்தாள். குச்சியைச் சுருள்சுருளாகச் சீவினாள். எதையும் கிளறப்போகாத ஒரு மரக்கரண்டி செதுக்கினாள். சொன்னால் என்ன, அவளுக்கு அது பிடித்துத்தான் போனது. கையில் கத்தியோடு நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பது ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை. தோலுறையைச் சேலைக்கு மேல் கட்டிக்கொண்டு அவள் நடந்த நடையைப் பார்த்து ஜீப்புப் பெண்கள் அத்தனை பேரும் முகாமில் சேர்ந்தார்கள். கட்டணத்துக்குப் பதிலாக முகாமின் பாத்திரங்களைத் தேய்த்துக் கொடுத்தார்கள். அது பயிற்சியில் சேராது என்று சூர்யபிரகாஷ் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

முகாமை முடித்தவர்களுக்கு அலுவலகம் ஓர் அட்டை கொடுக்கும்; அது இருந்தால் கத்தி உபகரணம். அந்த அட்டை கிடைப்பதற்கு ஒரு சடங்கு பாக்கி இருந்தது. பிரேம்சிங்கின் மேசைக்கு முன்னால் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும்.

"இந்தக் கத்தியால் எனக்கு யாதொரு வேலையும் இல்லை. இருந்ததும் இல்லை. இனி இருக்கப்போவதும் இல்லை."

எங்கே அட்டை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் காளீஸ்வரி உரக்கச் சொன்னாள். மற்றவர்கள் அவளைவிட உரக்கச் சொன்னார்கள். பிரேம்சிங் அகமகிழ்ந்து கத்திகளைத் திருப்பிக் கொடுத்தார். ஜீப்பு மேலே ஏறியது. அந்த வாரம் முழுக்கத் தட்டைகளை வெட்டிச் சாய்த்தார்கள்.

சம்பள நாளில் தோட்டத்தின் மலையாளி மேலாளர் ஜோசப் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எந்தா காளீஸ்வரி, கூலியோ? உல்லாசத்துக்கு வந்த ஆளுக்கு ஆரு கூலி கொடுக்கும்? உங்களுக்கு இவிடே வேலை ஒண்ணும் இல்லைன்னு நீங்கதன்னே சத்தியம் செஞ்சதா பிரேம்சிங் சாரு விளிச்சுச் சொன்னாரே."

"சார், மலை பூராம் வெட்டி முடிச்சிருக்கோம். கண்ணால பாத்துக்கிட்டுத்தானே நின்னீக?"

"பார்த்தேன். நல்லாயிட்டு ரசிச்சுச் செஞ்சீங்க. இல்ல, அது வேலைதான்னு சொல்றதானா சொல்லு. அப்போ கையில இருக்கிறது ஆயுதம். கேசு வரும். ஏது வேணும்?"

கேசு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் எல்லோரும் திரும்பிக் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் தன் தோலுறையைப் பார்த்தாள். அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது.

"எல்லாரும் ஒண்ணு சேர்ந்து நில்லுங்க," என்றார் ஜோசப் போனை எடுத்து. "ஒரு போட்டோ. முகத்துல கொஞ்சம் சந்தோஷம் வேணும்."

வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே, பொட்டு வைத்த கத்தியோடு, சிரித்த முகமாக உழைக்கும் மாந்தர்! அதை இணையத்தில் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கார் காராக ஆள் வந்தது. கட்டணம் கட்டிக் கவாத்து வெட்டினார்கள். காய்ந்த தட்டையோடு காய்க்கிற தட்டையையும் சேர்த்து வெட்டினார்கள். தோட்டத்து முதலாளி கவலைப்படவில்லை. காயைவிடக் கட்டணத்தில் வரும்படி அதிகம். உழைப்பதற்கு இத்தனை பேர் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற நாட்டில், கூலி கேட்கிறவளை எவன் வைத்துக்கொள்வான்?

அடுத்த வாரம் சின்ராசுவின் ஜீப்பை பிரேம்சிங் மறுபடி நிறுத்தினார். இம்முறை மரியாதையாகவே நிறுத்தினார்.

"மேல சோலிக்கு ஆள் எடுக்கலைங்கறாங்கம்மா. பொழுதுபோக்குக்குன்னா தாராளமாப் போகலாம். ஆனா கட்டணம் கட்டணும். இங்கேயே வாங்கச் சொல்லி உத்தரவு."

பெண்கள் காசு முடிந்திருந்த முந்தானைகளைத் தடவிப் பார்த்தார்கள்.

"திருப்பிரவாக்கா?" என்றான் சின்ராசு.

காளீஸ்வரி பின்னால் எட்டிப் பார்த்தாள். வளைவு வரைக்கும் கார்கள் நின்றன. அத்தனையிலும் ஆட்கள், அத்தனை பேர் இடுப்பிலும் கத்தி. இன்றைக்குத் திரும்பிப் போனால் அவள் இடத்தில் அவர்களில் ஒருவர் நிற்பார். பிறகு அந்த இடம் என்றைக்கும் அவளுக்கு இல்லை.

அவள் இறங்கிப் போய் மேசை முன்னால் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பழைய ஆளுகளுக்கு ஏதாச்சும் கொறைச்சுப் போடுவீகளா சார்?"