பதினெட்டு நிமிடமும் பாதியில் நின்ற துஆவும்

செம்மண்டலம், கடலூர்
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஹுமாயூன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரசியாவின் கணவன் அப்துல் முத்தலிப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், ரசியா, மகள் ஷாசியா மூவரும் உடம்பளவில் சுகம். பெண்ணாடத்தில் தங்கள் இடுப்புப் பிடிப்பு எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா? கடையில் சிமெண்ட் மூட்டையைத் தாங்களே தூக்க வேண்டாம் என்று போன ரமலானிலேயே சொன்னேன். அந்தப் பிடிப்பு ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் போன புதன்கிழமை தாங்கள் இங்கே இருந்திருப்பீர்கள், இந்தக் கடிதத்துக்கும் வேலை இருந்திருக்காது.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். என் போனை ரசியா எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். அரிசி டிரம்மில் பார்த்துவிட்டேன், பீரோவில் பார்த்துவிட்டேன், இல்லை. சிதம்பரத்து ஹாமித் பாய்க்கு ஒரே நாளில் இருபத்திரண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன் என்பதுதான் என்மேல் உள்ள குற்றம். இருபத்திரண்டில் ஐந்து, முந்தையதில் விட்டுப்போன விஷயத்தைச் சேர்ப்பதற்காக அனுப்பியவை. அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சொன்னேன், கேட்கவில்லை.

விஷயம் இதுதான் மச்சான். ஷாசியாவுக்குத் தாங்கள் பார்த்துக் கொண்டுவந்த சிதம்பரத்து சம்பந்தம், ஹாமித் பாயின் மகன், கனடாவில் வேலை, நல்ல பையன், எல்லாம் சரி, அந்தச் சம்பந்தம் இப்போது முடிந்ததா முறிந்ததா என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. எட்டு நாளாகத் தெரியவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இந்தப் பத்தி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை. ஷேர் ஆட்டோ போகிறது.

தங்களுக்கு வேறு மாதிரி செய்தி வந்திருக்கும். ‘டிவி நாடகத்துக்காகச் சண்டை போட்டு மகள் கல்யாணத்தைக் கெடுத்தார்’ என்று ரசியா சொல்லியிருப்பாள். அது நாடகம் இல்லை. ‘தூரத்து நிலையம்’ என்கிற விஞ்ஞானத் தொடர், தமிழில் பேசுகிறது, அதில் பதினோராவது பாகம். அதை நான் ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன். கதையைச் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் நியாயம் யார் பக்கம் என்று தாங்களே தீர்ப்புச் சொல்ல முடியும். செவ்வாய்க் கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலையம். அதில் ஒரு பெண் இன்ஜினியர் தனியாக இருக்கிறாள். காற்று வரும் குழாயில் வால்வு பழுது. உள்ளே முப்பது நிமிடத்துக்குத்தான் காற்று. அந்த வால்வைச் செய்தவர் அவளுடைய அப்பா, ரிட்டயராகிப் பூமியில் இருக்கிறார். அவரைக் கேட்கலாம் என்றால், கேள்வி பூமிக்கு வந்து சேரப் பதினெட்டு நிமிடம், பதில் திரும்பிப் போகப் பதினெட்டு நிமிடம். கூட்டினால் முப்பத்தாறு. காற்று முப்பதுதான். கேட்டுப் பிரயோஜனம் இல்லை மச்சான், பதில் போய்ச் சேரும்போது பிள்ளை இருக்காது.

இந்த இடத்தில் வேறு யாராவது எடுத்திருந்தால் புதிதாக ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஒளியை வேகமாக ஓட்டியிருப்பார்கள். இவர்கள் ஓட்டவில்லை. பதினெட்டு பதினெட்டாகவே இருக்கிறது. அவள் வால்வில் கையை வைக்கிறாள், அப்போது இருபதாவது நிமிடம், அப்பாவின் குரல் வருகிறது: ‘இடது கையால திருப்பாதம்மா. உனக்கு இடது கையில பலம் ஜாஸ்தி, மரை கழண்டுடும். வலது கையால மெதுவா.’ அவள் அழுதுகொண்டே வலது கையால் திருப்புகிறாள், காற்று வருகிறது. முப்பத்தொரு வருஷம் காலேஜ் பிஸிக்ஸ் லேபில் தராசு துடைத்தவன் நான். எந்தத் தட்டு எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினெட்டு நிமிடத்தை எடுத்துவிட்டால் அவர் சாதாரணமாகப் போனில் பேசும் ஒரு அப்பா, அவ்வளவுதான். அப்பாவை எடுத்துவிட்டால் அது வெறும் வால்வு ரிப்பேர், நம் காலேஜ் பாடப் புத்தகம். விஞ்ஞானத்தைக் கொஞ்சமும் வளைக்காததால்தான் அந்த அப்பாவின் மனசு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இரண்டு தட்டும் சமம். இதைத்தான் நான் சொன்னேன். இதற்குத்தான் எனக்குக் கெட்ட பெயர்.

போன புதன்கிழமை அவர்கள் சம்பந்தம் பேசி முடிக்க வந்தபோது என்ன நடந்தது என்றால், எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. ஹாமித் பாய், அவர் மனைவி சாய்ரா, இன்னும் பத்துப் பேர் சிதம்பரத்திலிருந்து வேனில் வந்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். பிரியாணி தம்மில் இருந்தது. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வீடியோ காலில் வந்து சலாம் சொன்னார். நான் பதில் சலாம் சொன்னேன். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை போல, மறுபடி சலாம் சொன்னார். நான் மறுபடி பதில் சொல்ல, அதற்குள் முதல் பதில் போய்ச் சேர்ந்து அவர் சிரிக்க, அவர் ஏன் சிரிக்கிறார் என்று நான் முழிக்க, இப்படியே நாலு தடவை ஆனது. ஷாசியா உள்ளேயிருந்து சிரித்தது என் காதில் விழுந்தது. நான் சபையைக் கலகலப்பாக்கலாம் என்று, ‘இதே மாதிரிதான் பதினோராவது பாகத்துல’ என்று ஆரம்பித்தேன். அது தப்பா? ஹாமித் பாயும் அந்தத் தொடரைப் பார்க்கிறவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் ஆபீஸில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர், நமக்குச் சமமான ஆள் என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஹஜ்ரத் ஃபாத்திஹா ஓதி முடித்து, துஆவுக்குக் கையை ஏந்தினார். எல்லோரும் கையை ஏந்தினோம். பக்கத்தில் ஹாமித் பாய், ஏந்திய கை ஏந்தியபடி, என் காதுக்குள் கேட்கிறார்:

“அது சரி முத்தலிப் பாய், இருபதாவது நிமிஷம் மெசேஜ் வருதுன்னா அவரு ரெண்டாவது நிமிஷமே அனுப்பியிருக்கணும். வால்வு கெட்டுப்போன சேதியே அவருக்குப் பதினெட்டாவது நிமிஷம்தானே வரும்? அப்ப எப்படி அனுப்புனாரு? சயின்ஸ் தப்பு.”

துஆ நேரத்தில் ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா மச்சான் இது? நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இருபதிலிருந்து பதினெட்டைக் கழிக்க வேண்டியிருந்ததால், கையை இறக்கி விரல்விட்டு எண்ணினேன். அதுதான் நான் செய்தது. ஹஜ்ரத் கண்ணைத் திறந்தார். பெண்ணின் தகப்பன் கை கீழே இருக்கிறது. துஆ முடிந்ததைத் தாம்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் சட்டென்று “ஆமீன்” சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். பாதிப் பேர் ஆமீன் சொன்னார்கள், பாதிப் பேர் இன்னும் கையை ஏந்தியபடி இருந்தார்கள். சாய்ரா உள்ளேயிருந்து, “பொண்ணூட்டுக்காரர் கைய எறக்கிட்டாரே, சம்மதம் இல்லியா?” என்று கேட்டார். நான் சம்மதம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது, அதனால் ஹாமித் பாயிடம் விடையைச் சொன்னேன்.

விடை என்ன என்றால், அந்த அப்பா தினமும் அனுப்புகிறார்! முதல் ஐந்து நிமிடத்துக்குள் காட்சி வருகிறது. கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, தினமும் ஒரே நேரத்துக்கு, அதே வார்த்தையைச் சொல்லி அனுப்புகிறார். அவளும் தினமும் அதைக் கேட்காமல் தள்ளிவிடுகிறாள். அன்றைக்கு மட்டும் கேட்கிறாள். வால்வு கெட்டது அவருக்குத் தெரியவே வேண்டாம், பயந்த அப்பா என்றால் போதும். ஹாமித் பாய் அப்படி ஒரு காட்சியே இல்லை என்கிறார். நான் இருக்கிறது என்கிறேன். “நான் இன்ஜினியருங்க” என்கிறார். “நான் ஒன்பது வாட்டி பாத்தவங்க” என்கிறேன். ஹஜ்ரத் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்கள், ஆனால் பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக வைத்த சீனித் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. அடுத்த நாள் அதை எறும்பு எடுத்துக்கொண்டது.

நேற்று இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று பென்டிரைவில் பதினோராவது பாகத்தைப் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பென்டிரைவை நாலு தடவை பையில் தொட்டுப் பார்த்திருப்பேன். ஹாமித் பாய் வீட்டுக் கதவைச் சாய்ரா திறந்தார். “அவுங்க உங்க வூட்டுக்குத்தானே போயிருக்காங்க, காயிதத்துல என்னமோ கோடு போட்டு எடுத்துக்கிட்டு” என்றார். எதிர் எதிர் பஸ்ஸில் போயிருக்கிறோம். புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு பஸ் எதிரே போனது, ஜன்னலில் யாரோ வழுக்கைத் தலை, நான் கவனிக்கவில்லை. சாய்ரா மரியாதையாக டீ கொடுத்தார். வாயில் வைத்தால் கசப்பு. “சீனி போடலீங்க. போட்டா முடிஞ்சிட்டதா ஆயிடுமோன்னு. ஆம்பளைங்க பேசி முடிங்க, அப்புறம் போட்டுத் தரேன்” என்றார். அதைக் குடித்துவிட்டு வந்தேன். இங்கே ரசியா ஹாமித் பாய்க்கு டீயில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்திருக்கிறாள், அவரும் குடித்திருக்கிறார். அப்படியானால் அவர்கள் வீட்டில் முடியவில்லை, நம் வீட்டில் முடிந்துவிட்டதா?

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு செல்லாயி என்று ஒரு அம்மா. அவருக்கு முழுக்கதையும் சொன்னேன், டிக்கெட்டின் பின்பக்கம் பதினெட்டு, இருபது, முப்பத்தாறு என்று எழுதியும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். காட்சி உண்டா இல்லையா, நியாயம் யார் பக்கம் என்று கேட்டேன்.

“அத வுடுங்க பாய். அந்தப் பொண்ணு எப்ப ஊருக்குத் திரும்புது?” என்றார்.

அதைப் பற்றிக் கதையில் இல்லை என்றேன்.

“அப்பங்காரன் அத கேக்கலியா?” என்று சொல்லிவிட்டு ஆலப்பாக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். விஞ்ஞானம் பேசினால் இப்படித்தான், சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பார்கள். எனக்குக் கோபம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கண்டக்டர் வந்து எழுப்பினார். தூங்கவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மச்சான், தாங்கள் இடுப்பு சரியானதும் சிதம்பரம் போய், ஹாமித் பாய் அந்தக் காட்சியைப் பார்த்து ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்கும்படி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று நான் முடிவாக இருக்கிறேன். விஞ்ஞானத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பார்த்துக் கீழே எழுதிவிடுகிறேன், அவரிடம் அப்படியே காட்டுங்கள். வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் தங்கள் இடுப்புக்கு முழு ஷிஃபாவையும் சுகத்தையும், ஹாமித் பாய்க்கு நல்ல ஞாபகசக்தியையும் தருவானாக. வஸ்ஸலாம்.

தங்கள் அன்புள்ள,
அப்துல் முத்தலிப்

பின்குறிப்பு: வியாழன் காலை. மேலே எழுதியதைக் காட்ட வேண்டாம். நிமிடம் குறிப்பதற்காக இன்றைக்கு ஷாசியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதினோராவது பாகத்தைப் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. முழுவதும் ஓடி முடிந்தது. அப்படி ஒரு காட்சி இல்லை மச்சான். டீ டம்ளரும் இல்லை. ஹாமித் பாய் சொன்னது சரி, விஞ்ஞானம் அந்த ஒரு இடத்தில் தப்புதான், அந்தத் தப்பை நான்தான் எனக்குள்ளே ஒரு காட்சி போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஷாசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தா, தினம் காலைல நான் வண்டி எடுக்குறப்ப டீயோட உக்காந்து ஹெல்மெட் போட்டியா, துப்பட்டா சக்கரத்துல மாட்டாம பாத்துக்கோன்னு எனக்குத்தான் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவீங்க. நான் ஒண்ணைக்கூட முழுசா கேட்டதில்ல” என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கழித்தல் கணக்குக்காக நான் கையை இறக்கவில்லை. இருபதில் பதினெட்டு போனால் இரண்டு என்பதற்கு விரல் எதற்கு? துஆ முடிந்தால் பிள்ளை கனடா போய்விடும், அதனால் கை தானாக இறங்கிவிட்டது. ஷாசியாவின் போனில் ஹாமித் பாயிடம் இப்போதே பேசிவிட்டேன், அடுத்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஹஜ்ரத்தை அழைத்துக்கொண்டு நாங்கள் சிதம்பரம் போகிறோம், தாங்கள் வண்டி வைத்தாவது வந்துவிட வேண்டும். அதே போனிலிருந்து மாப்பிள்ளைக்கும் ஒரு மெசேஜ் அனுப்பினேன்: ‘தம்பி, அங்க பனி ஜாஸ்தியாமே, வெளிய போகும்போது காதை மூடிக்கிட்டுப் போங்க.’ ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: ‘சரிங்க மாமா. நான் மறந்துடுவேன், நாளைக்கும் சொல்லுங்க.’