மண் இறுகட்டும்

மாமனார் கார் தருகிறார் என்று கேட்டதும் எப்படித் தப்பிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். அவனுக்குக் கார் ஓட்டப் பயமிருக்காது. எனக்கு உண்டு. லைசென்ஸ் இருக்கிறது, அதுதான் வம்பு. கோவில்பட்டியில், ஆளில்லாத சந்தை மைதானத்தில் ஓட்டிக் காட்டி வாங்கியது. சென்னைக்கு வந்த புதிதில் நண்பர் ஒருவர் நம்பித் தம் காரைக் கொடுத்தார். பனகல் பார்க்கைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். எந்தத் தெருவில் திரும்பப் பார்த்தாலும் எதிரே ஒரு பஸ் வந்தது. கடைசியில் பெட்ரோல் தீர்ந்தது, உயிர் பிழைத்தேன். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைக் கண்டாலே உள்ளங்கை வியர்க்கும். இது என் மனைவி தங்கபுஷ்பத்துக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் வெள்ளைச்சாமி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். அவருக்குப் புது அம்பாசடர் வந்துவிட்டது. பழைய ஃபியட் மகளுக்கு. உஸ்மான் ரோட்டில் இருக்கும் என் பாத்திரக்கடைக்கு டிரங்க் கால் போட்டுக் கத்தினார்.

"மாப்ளே! வண்டிய எப்பக் கொண்டாந்து விடட்டும்?"

அந்த பஸ் என் கண் முன்னே வந்து நின்றது.

"மாமா, வீட்டு வாசல்ல பாதை இல்ல. கேட்லேருந்து போர்ட்டிகோ வரைக்கும் வெறும் மண்ணு. மழை பெஞ்சா வண்டி புதைஞ்சுரும்."

"அப்பப் பாதையப் போடுங்க!"

"போடுறேன் மாமா. ஆள் வைக்க மாட்டேன். என் கையால நானே போடுறேன்!"

அந்தப் பக்கம் மாமனார் உருகிப்போனார். கொத்தனாரை விட்டால் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார். என் கையால் என்றால் இந்த ஜென்மத்தில் முடியாது. அதுதான் திட்டம்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறு வீட்டு வாசலில் முளை அடித்து நூல் கட்டினேன். கடப்பாரையை எடுத்ததும் அடுத்த வீட்டு மெஹபூப் அலி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். மந்தைவெளியில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருப்பவர்.

"இன்னா சார், காலங்காத்தால புதையலா?"

"பாதை போடறேன் பாய். மாமனார் கார் குடுக்கறார்."

"அடி சக்கை! வந்ததும் நம்மள ஒரு ரவுண்டு இட்டுக்கினு போங்க சார்."

கடப்பாரை என் கால் விரலுக்கு ஓரங்குலம் தள்ளி இறங்கியது.

நான் பயந்த கேள்வி அன்று சாயங்காலம் வந்தது.

"ஏங்க, இது முடிய எவ்வளவு நாளாகும்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஒரு அடி தோண்டணும். வேரெல்லாம் எடுக்கணும். விட்டா பின்னால கல்லத் தூக்கிரும்."

"எடுங்க."

"அப்புறம் வாட்டம் பாக்கணும். மழைத்தண்ணி தெருவப் பாத்து ஓடணும். வீட்டப் பாத்து ஓடுனா அடுப்படில மீன் பிடிக்கலாம்."

"பாருங்க."

"அப்புறம் கிராவல் கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிக்கணும். மண்ணு இறுகணும். அவசரப்பட்டா கார் பாரத்துக்குக் குழி விழுந்துரும்."

யோசித்தாள்.

"நல்லா இறுகட்டுங்க. இப்ப என்ன அவசரம்? நானும் அன்வரி பேகம் அக்காகிட்டத் தையல் கத்துக்கலாம்னு இருக்கேன்."

அன்வரி பேகம் மெஹபூப் அலியின் மனைவி. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

என் துரதிர்ஷ்டம், வேலை நன்றாக வந்தது. தோண்டிய இடம் மட்டமாக அமைந்தது. இடித்த இடம் பாறையாயிற்று. மண் இறுக இறுக எனக்கு உள்ளே இளகியது. ஐப்பசி மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று நம்பினேன். மழையும் வந்தது. தெருவே மிதந்தது. எங்கள் வாசல் தண்ணீர் மட்டும் நான் வைத்த வாட்டத்தில் ஒழுங்காகக் கேட்டைத் தாண்டி ஓடியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அந்த ஃபியட்டை ஒரு மைல் பக்கத்தில் கொண்டுவந்தது.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் சொன்னேன்: "மட்டம் சரியில்ல. எல்லாத்தையும் கிளறிட்டுத் திரும்பப் போடணும்."

தங்கபுஷ்பம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அன்வரி பேகம் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"தாராளமா கிளறுங்க. எனக்கும் இன்னும் வளைவு சரியா வரல."

"எந்த வளைவு?"

"கழுத்து வளைவு. ஜாக்கெட்டுக்கு."

"இத்தனை நாள்ல ஒரு ஜாக்கெட்டக்கூடக் கண்ணுல காட்டலியே?"

"நேரா வந்துருச்சுங்க. பின்னால எடுக்கறதுலதான் தகராறு. பாய் திட்டறாரு."

"பாயா?"

"அக்காவச் சொன்னேன்."

நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கிளற அனுமதி கிடைத்த சந்தோஷம் எனக்கு.

தை பிறந்தது. கிளறித் திரும்ப இடித்த மண்ணும் பாறையாகிவிட்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "போதுங்க, மண்ணு இறுகிருச்சு. அப்பாவ வெள்ளிக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

"கல்லே பதிக்கல!"

"ஒரு தடவ வண்டிய ஏத்துனாத்தான் எங்க அமுங்குதுன்னு தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருப்பேன். பயத்தில் என்னென்னவோ சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு இட்லி இறங்கவில்லை. டிரைவர் ஃபியட்டைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். தெரு முழுக்க ஆட்கள். மாமனார் சாவியை என் கையில் வைத்தார்.

"நீங்க போட்ட பாதை, மாப்ளே. நீங்களே உள்ள ஏத்துங்க."

சாவி கிலுகிலுவென்று ஆடியது. ஆடியது சாவியல்ல, நான். கேட் தூண்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருவதுபோல் இருந்தது.

"குடுங்க இப்படி," என்று சாவியைப் பறித்தாள் தங்கபுஷ்பம். "காலையிலேருந்து சாப்பிடல. கை நடுங்குது பாருங்க."

ஏறி உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டியை முன்னே எடுத்து, திருப்பி, பின்பக்கமாகவே உள்ளே கொண்டுவந்தாள். மதிலுக்கு மேலே மெஹபூப் அலியின் தலை.

"ஒடி... இன்னும் ஒடி... இப்ப நேர் பண்ணு! சபாஷ் தங்கச்சி!"

அன்வரி பேகத்தின் வீட்டில் தையல் மிஷினே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாரும் டிபனுக்கு உள்ளே போனதும் காரில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பயம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா போன் பண்ணுன அன்னிக்குத் தூக்கத்துல பிரேக் போட்டீங்க. என் கால்ல."

"அப்ப மண்ணு இறுகட்டும், கிளறுங்கன்னு சொன்னதெல்லாம்?"

"எனக்கு லைசென்ஸ் வர வேண்டாமா?"

கோபம் வரவில்லை. இனி நான் ஓட்ட வேண்டாம். இத்தனை மாதத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"போகட்டும். பாய்க்கு என்ன குடுத்தே?"

"காசே வேண்டாம்னுட்டாரு. நம்ம வாசலப் பாத்து அவருக்கு ஆசை வந்துருச்சாம். அவர் வாசலுக்கும் நீங்க உங்க கையாலயே போட்டுத் தருவீங்கன்னு சொல்லிட்டேன்."

இறங்கிப் போய் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முளை அடித்து, நூல் கட்டியாகிவிட்டது. எங்கள் வாசலைப்போல் இரண்டு மடங்கு நீளம்.