மிச்சம் மேடமும் சிதம்பரம் பத்தாம் நம்பரும்

ஆட்டத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் எந்த டீம் ஜெயிக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் பி.டி. மேடம்தான். சொன்னது தப்பாகப் போனாலும் அசராத ஒரே ஜீவனும் அவர்தான்.

கடலூரில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் அவருக்கு 'மிச்சம் மேடம்' என்று பெயர். நிஜப் பெயர் சம்பளம் போடுகிற ஆபீசுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் விசில். எந்த ஊர் பெண்கள் ஃபுட்பால் டீமைப் பற்றிப் பேசினாலும் ஒரே கேள்விதான்: "போன வருசத்து ஆளுங்கள்ல மிச்சம் யாரு?" பழைய ஆட்கள் திரும்பி வந்திருந்தால் அது டீம். இல்லாவிட்டால் வெறும் கூட்டம்.

நானும் ஸ்டெல்லாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஸ்டெல்லா கடலூர் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன் பெண், பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டு வரும். என் காலைப் பார்த்தாலே பந்து விலகிப் போகும். மேடமுக்கு இரண்டும் ஒன்றுதான். காலிச் சுவரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

"மேடம், என் பேரு..."

"பேரெல்லாம் இப்ப வேணாம். அடுத்த வருசம் வந்தன்னா சொல்லு, கேட்டுக்கறேன்."

"ஏன் மேடம்?"

"புதுசுங்க பத்தும் பந்து பின்னாடியே ஓடும், ஈ மொய்க்கற மாதிரி. பழசுதான்டி அது அது எடத்துல நிக்கும்."

ஒரு வருஷம் முழுக்க நாங்கள் இருவரும் 'ஏ புதுசு'தான். கூப்பிட்டால் ரெண்டு பேரும் திரும்புவோம்.

இந்தக் கொள்கை கிரவுண்டோடு நிற்காது. கேன்டீனில் பழைய மாஸ்டர் லீவு என்றால் பஜ்ஜியைத் தொடமாட்டார். சிதம்பரம் பஸ்ஸில் ஏறுமுன் எட்டிப் பார்ப்பார். டிரைவர் புது ஆள் என்றால், "அடுத்ததுல போலாம்டி. இவுரு இன்னும் செட் ஆவல." மழையில் நனைந்துகொண்டு நாங்கள் பழைய டிரைவருக்காகக் காத்திருப்போம்.

எங்கள் ஜென்ம எதிரி, சிதம்பரத்துப் பெண்கள் டீம். மற்ற கோச்சுகள் எதிரியின் ஆட்டத்தை வேவு பார்ப்பார்கள். மேடம் எதிரியின் கல்யாணத்துக்குப் போவார். கல்யாணம் ஆன பெண் கிரவுண்டுக்குத் திரும்ப மாட்டாள் என்பது அவர் கண்ட உண்மை. அதனால் சிதம்பரத்தில் யாருக்காவது மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேட்டால், பெற்றவர்களைவிட இவர் முகத்தில்தான் களை கட்டும்.

அந்த டீமின் பத்தாம் நம்பர் தமிழ்ச்செல்வி. எங்கள் வலைக்குள் பந்தைப் போடுவதற்கென்றே பிறந்தவள். அவள் மூன்றாம் வருஷம், நாங்கள் இரண்டாம் வருஷம் தொடங்கியபோது, ஆனி மாதம், அவளுக்குப் புவனகிரியில் கல்யாணம். மேடம் டீம் மொத்தத்தையும் அழைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தோடு போனார். மேடையில் பத்தாம் நம்பரின் தலையைத் தடவி, "நல்லா இரும்மா. வெய்யில்ல எல்லாம் இனிமே அலையாத" என்று வாழ்த்தினார். பந்தியில் பாயசம் மூன்று தடவை. திரும்பும் பஸ்ஸில், "சிதம்பரம் காலி!" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அதே வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஸ்டெல்லாவுக்கு நிச்சயம் ஆயிற்று. கல்யாணம் மே மாதம். அவளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. படிக்கட்டும், பந்தாட்டம் மட்டும் இந்த வருஷத்தோடு போதும் என்று வரப்போகிற மாமியார் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா மேடமிடம் ஓடினாள்.

"நீங்க வந்து பேசுனா ஒத்துப்பாங்க மேடம்."

"பேசி என்னடி? கல்யாணம்னா முடிஞ்சுது. அடுத்த வருசத்துக்கு உன்ன நான் கணக்குல வச்சிக்கவே இல்ல."

ஸ்டெல்லா ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு மேடமின் விசிலைக் கடலில் எறிய டீமே தயாராக இருந்தது.

அப்புறம் அந்த வருஷத்து டோர்னமென்ட் ஃபைனல், சிதம்பரத்தில். மேடம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். எதிர் டீம் உள்ளே ஓடி வந்தது. நடுவில் பத்தாம் நம்பர், கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு!

"அடிப்பாவி! உன் கல்யாணத்துல மூணு தடவ பாயசம் குடிச்சனேடி!"

ரெஃப்ரி பத்தாம் நம்பரை நிறுத்தினார். கழுத்தில் எதையும் போட்டுக்கொண்டு ஆடக்கூடாது, ரூல். கேலரியிலிருந்து ஒரு அம்மா விறுவிறுவென்று இறங்கி வந்தார். அவளுடைய மாமியார்.

"குடுடி இப்படி. நான் வச்சிருக்கேன், நீ போய் ஆடு."

"ஏம்மா, தாலிம்மா அது!" என்று ரெஃப்ரியே பதறினார்.

"இருக்கட்டும் சார். கட்டுனவன் எம்புள்ளதான? எங்கிட்ட இருந்தா என்ன?"

முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அடிச்சிட்டு வா!" என்று கத்தினார். மருமகள் இரண்டு அடித்தாள். ஸ்டெல்லா ஒன்று அடித்தாள். தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் மேடமைக் காணோம். எங்காவது உட்கார்ந்து அழுவார் என்று தேடினால், கேலரியில் அந்த மாமியார் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம கடலூர் வரைக்கும் வரீங்களாக்கா? எம்பொண்ணு ஒருத்திய வரப்போற மாமியாரு ஆட வேணாங்கறாங்க."

"அந்த ஒரு கோல் அடிச்ச பொண்ணா? வரேன். அது இல்லன்னா எம்மருமவ யாரோட மல்லுக்கட்டுவா? அடுத்த வருசம் எம்.ஏ. சேக்கப்போறேன்ல!"

பத்தாம் நம்பர் மறுபடியும் வருகிறாள்! மேடமுக்கு முறுக்கு தொண்டையில் நின்றது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தார்.

ஓ.டி.யில் ஸ்டெல்லாவின் வருங்கால மாமியார் காபி கொடுத்துவிட்டு, "ஊரு என்னங்க பேசும்?" என்றார்.

"பேசும்" என்றார் சிதம்பரத்துக்காரர். "நான் கேலரியில போடற கூச்சல்ல எனக்கு அதெல்லாம் காதுல வுழறதே இல்ல. நீங்களும் வந்து ஒருநாள் கத்திப் பாருங்க. ஒடம்புக்கு நல்லாருக்கு."

மேடம் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்ட இந்தப் பொண்ணுதாங்க மிச்சம்" என்றார். வாசலில் நின்ற என்னை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதுபடுத்தவில்லை.

"சரி, ஒரு வருசந்தான" என்றார் காபி கொடுத்த அம்மா.

ஜூனில் கல்லூரி திறந்தது. கிரவுண்டில் மேடம் வழக்கம்போல், "மிச்சம் யாரு?" என்றார். ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். கழுத்தில் புதுத் தாலி மின்னியது.

மேடம் கையை நீட்டி அதை வாங்கி, தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்றைக்கு பிராக்டிஸ் முடியும்வரை அந்த முடிச்சிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை. விசிலைக்கூட இடது கையில் பிடித்துத்தான் ஊதினார்.