முந்திரி இல்லாத கபாப்

தலைநகர் டெல்லியில் அங்கீட்டி அண்ணாச்சியைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி கிடையாது. அவரைவிட அதிகமாக அடுத்தவர்களைப் பயமுறுத்தியவரும் கிடையாது. இரண்டுக்கும் காரணம் கபாப்.

அங்கீட்டி என்றால் இந்த ஊரில் கரியடுப்பு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் அவர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் கோப்புப் பார்க்கிறார் என்று சம்பளம் கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். உண்மையான உத்தியோகம், டெல்லியில் எந்தச் சந்தில் நல்ல கரியடுப்பு எரிகிறது என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைவது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

நல்ல கடை அகப்பட்டால் மனுஷன் என்ன செய்வான்? போய்ச் சாப்பிடுவான். அண்ணாச்சி முதலில் எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு உட்காருவார். உள்ளே போகிறவர்களைப் பார்க்கமாட்டார், வெளியே வருகிறவர்களைத்தான் பார்ப்பார். ஒருவன் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தால் போச்சு. அது திருப்தியா உபத்திரவமா என்று தெரிகிறவரை பஸ் ஸ்டாப் மட்டும் அவன் பின்னாலேயே போவார். ஒரு தடவை ஆறடி உயர ஆள் ஒருவன் சட்டென்று திரும்பி, "க்யா சாஹியே?" என்று, என்ன வேண்டும் உனக்கு என்கிற மாதிரி, உறுமியிருக்கிறான். "குச் நஹி பையா, தபியத் டீக் ஹை நா?" என்று நலம் விசாரித்துவிட்டு, பிடித்தாராம் ஓட்டம்.

கடை தேறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குக் குரல் செய்தி வரும். கேட்டால் எல்லைக்குக் கிளம்புகிற பட்டாளத்துக்குச் சொல்வது போல இருக்கும்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. கடைக்குள்ள போனதும் சிலிண்டர் எங்கன இருக்குன்னு பாக்கணும். வெளிய ஓடுததுக்கு வழி எதுன்னு பாக்கணும். பொறவுதான் மெனுவப் பாக்கணும். ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, நான் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். யாரும் பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குப் பயமே பிடிக்கும். வருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

துணிந்து போனவர்கள் பாடு இன்னும் மோசம். சமையல்காரர் கையில் முழ நீளக் கம்பி இருக்கும், எதிரே கரி தகதகவென்று எரியும். அண்ணாச்சி அவர் முகத்துக்கு நேரே போய், "பக்ரா கப் மரா?" என்று கேட்பார். ஆடு எப்போது செத்தது என்று ஏதோ துக்கம் விசாரிக்கிற தோரணை. நாங்கள் அவரைத் தெரியாதவர்கள் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மேஜை நடுவிலேயே நெருப்பு வைத்து, நம்மையே சுட்டுக்கொள்ளச் சொல்கிற பார்பிக்யூ ஓட்டலுக்கும் ஒரு தரம் போனோம். அண்ணாச்சி நாற்காலியை இழுத்து இழுத்துப் பக்கத்து மேஜைக்காரர்களின் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். "தீய மடியில வச்சிக்கிட்டு எவனாவது திம்பானாவே?" என்று அங்கிருந்தே கத்தினார். அந்தக் குடும்பம் பாவம், அவருக்கு ஒரு தட்டும் வைத்தது.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் என் மகளை நான் ஒப்படைத்தேன்.

அபிக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தும்மல் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளையில் ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் ஒரே ஒரு துண்டு முந்திரி. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, அவள் மூச்சுக்குத் தவித்ததை என் மடியில் வைத்துப் பார்த்தவன் நான். ஆஸ்பத்திரிக்காரர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதோடு வெளிச் சாப்பாடு என்பதே வீட்டில் கிடையாது. இந்த ஊர்க் கபாபில் பாதி முந்திரி விழுதில்தான் ஊறுகிறது. டெல்லியிலேயே பிறந்து பதினாலு வயதான பெண், தோழிகள் அனுப்புகிற கபாப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பாள்.

"பப்பா, பர்த்டேக்கு கிஃப்ட் எதுவும் வேணாம். ஏக் பார், ஒரே ஒரு தடவை கபாப். ப்ளீஸ்?"

முடியாது என்றேன். என் மனைவி வசந்தி, "அந்த ஆஸ்பத்திரி வாசனை இன்னும் என் மூக்குல இருக்குங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அபி கதவைச் சாத்திக்கொண்டாள். குவார்ட்டர்ஸில் ரகசியம் ஏது? சற்று நேரத்தில் அண்ணாச்சி வாசலில் நின்றார்.

"பிள்ளைக்கு வேண்டியது முந்திரி இல்லாத கபாப். அம்புட்டுதான? நான் பாக்கேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தார். தெருநாயைக் கண்டால் எதிர்ப் பக்கம் போகிறவர், நாய்கள் நிறைந்த சந்துகளில் நுழைந்தார். கடைக் கடையாகப் போய் முந்திரி விசாரணை நடத்தினார். இரண்டு இடத்தில் பிடித்துத் தள்ளியதாகக் கேள்வி. கடைசியில் நிஜாமுதீன் பக்கம் ஒரு சின்னக் கடை. தயிரும் பப்பாளிக்காயும் மசாலாவும் மட்டும் போட்டு சீக் கபாப் செய்கிற பெரியவர். கூட்டம் வருவதற்கு முன்னால் வந்தால் தனி அடுப்பு, தேய்த்துக் கழுவிய கம்பி, தனிப் பாத்திரம், எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்தார். டாக்டரையும் கேட்டோம். ஜாக்கிரதையாகப் போங்கள், ஊசி மருந்து கையிலேயே இருக்கட்டும் என்றார்.

பிறந்தநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். என் சட்டைப் பையில் ஊசி, வசந்தி வாயில் முருகன். அபி மட்டும் கல்யாணப் பெண் போல ஜொலித்தாள். அண்ணாச்சி அடுப்படியிலேயே காவல் நின்றார். கறியைப் பிசைந்தது பார்த்தார், கம்பியில் பிடித்தது பார்த்தார். கபாப் சிவந்து வாசனை கிளம்பியது. பெரியவர் பழக்கதோஷத்தில் பக்கத்து அடுப்பு வெண்ணெய்க் கிண்ணத்திலிருந்து துணி சுற்றிய குச்சியை எடுத்தார்.

"ஏலே, நிறுத்துலே!"

கடையே உறைந்தது. பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தக் குச்சிதான் காலையிலிருந்து முந்திரி விழுது பூசிய மலாய் டிக்காவையெல்லாம் தடவிக்கொண்டிருந்தது. நான் சட்டைப் பையில் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று வசந்தி அபியின் கையைப் பிடித்து இழுத்தாள். அபிக்குக் கண் நிறைந்து நின்றது.

பெரியவர் முந்திரி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "காஜு! தோபா தோபா" என்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி வசந்தி பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஒரு நிமிஷம் பொறு" என்றார். கடைக்காரரிடம் முழு வெங்காயம் ஒன்று வாங்கி, கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவி, பாதியாக வெட்டி, கழுவிய கம்பி ஒன்றில் குத்தினார். புது வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்து, அதில் வெங்காயத்தைத் தோய்த்து, நம் வீட்டில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவோமே, அதே மாதிரி கபாபின்மேல் தேய்த்தார்.

"யே க்யா ஹை, பாயீசாப்?" என்று வெங்காயத்தைக் காட்டிக் கேட்டார் பெரியவர்.

"தோசா கா பிரஷ்" என்றார் அண்ணாச்சி.

தட்டு வந்தது. அபி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். வசந்தி அவள் கழுத்தைப் பார்த்தாள். அண்ணாச்சி பார்க்கவே மாட்டேன் என்று தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"என்னவே, மூச்சு விடுதாளா?"

"விடுறா அண்ணாச்சி."

"உதடு?"

"அப்படியேதான் இருக்கு."

"இப்ப?"

"அங்கிள், இதர் தேக்கோ! இங்க பாருங்க!" என்றாள் அபி, வாய் நிறைய. "சூப்பரா இருக்கு. இன்னொண்ணு வேணும்."

அவர் மெதுவாகத் திரும்பினார். அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கேட்டியா, பிள்ளை இன்னொண்ணு கேக்கா" என்று பெரியவரிடம் தமிழிலேயே சொன்னார். டாக்டர் சொன்னபடி மூன்று மணி நேரம் அந்தச் சந்திலேயே சுற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது எனக்குக் காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

திரும்பி வருகையில் அண்ணாச்சி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அபி அம்மா தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

"ஏய், பிள்ளைய எழுப்புங்க! தூக்கமா மயக்கமான்னு பாருங்க!"

"அங்கிள், ஸோனே தோ நா" என்று அபி கண்ணைத் திறக்காமலே சிணுங்கினாள்.

"நீ தூங்கு தாயி" என்றார். ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் பார்த்தார். பக்கத்தில் பெற்றவர்கள் இரண்டு பேர் முழுசாக உட்கார்ந்திருந்ததை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தக் கல்யாண வீட்டுக்குப் பிறகு, அபி சாப்பிட்டதை நினைத்துப் பயப்படாமல் நான் கண்ணை மூடித் தூங்கியது அன்றைக்கு அந்தக் காரில்தான். பார்த்துக்கொள்ள முன் சீட்டில் ஆள் இருந்தார்.