சாய்ந்து வெந்த இட்லி

ஆவணி முதல் தேதி காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சிவனணைந்தபெருமாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எப்பாடு பட்டாவது பெண்டாட்டியை அழ வைத்துவிட வேண்டும்.

தப்பாக நினைக்க வேண்டாம். மனிதர் கை நீட்டுகிற ரகமில்லை. நீட்டினால் காபி டம்ளருக்காகத்தான் நீட்டுவார். அவருக்கு வேண்டியது ஏக்கக் கண்ணீர். பிரேமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, திரும்பக் கப்பலுக்கே போயிருவோம்" என்று சொல்ல வேண்டும். அதற்கு ஐப்பசி கடைசி வரைதான் கெடு.

கெடு வைத்தவர் எஸ்றா. சிவனணைந்தபெருமாளோடு ஒரே பெஞ்சில் படித்தவர். கப்பலில் இஞ்சினியராக உலகம் சுற்றி, கடைசியில் கரீபியன் கடலில் கிரெனடா என்ற தீவில் கரை ஒதுங்கியவர். அவரிடம் ஒரு பழைய பாய்மரப் படகு சும்மா நின்றது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளியரிங் ஏஜெண்டாக இருந்து நம்மவர் ஓய்வு பெற்ற அன்று எஸ்றா போன் போட்டார். "ஏலே, பெண்டாட்டியக் கூட்டிட்டு வா. ஒரு வருஷம் படகுலயே குடும்பம் நடத்திப் பாரு." போனார்கள். நடத்தினார்கள். தீவு தீவாகப் போய் ஒரு முழு வருஷம் நடத்திவிட்டு, அங்கே புயல் காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு ஆனி மாதம் ஊர் திரும்பினார்கள். படகு என்றால் தூத்துக்குடியில் மதிப்பில்லை என்பதால் சிவனணைந்தபெருமாள் அதைக் கப்பல் என்றே சொல்லுவார்.

போன வாரம் எஸ்றா மறுபடி கூப்பிட்டார். "கார்த்திகையில தண்ணியில இறக்கணும்லே. நீ வாரியா இல்லியான்னு ஐப்பசிக்குள்ள சொல்லு. இல்லன்னா கேட்டு ரெண்டு பேரு நிக்கான், குடுத்துருவேன்."

வருகிறேன் என்று அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. காரணம் ஒரு சாம்பார்.

கப்பலில் கடைசி வாரம். ஒரு பெரிய அலை. அடுப்பிலிருந்த சாம்பார் பாதி பிரேமாவின் சேலையில், மீதி அவள் புத்தம்புதுசாகக் கழுவி வைத்திருந்த மூலையில். வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்தவர், "என்னளா, சாம்பார் வாசம் தூக்குது!" என்று பாராட்டு வேறு தெரிவித்துவிட்டார். கரண்டி பறந்தது. நேராகக் கடலுக்குள். "இனிமே இந்தக் கப்பல் அடுப்புல நான் கை வச்சா ஏன்னு கேளுங்க!"

அவள் சொன்னால் சொன்னதுதான். அத்தோடு கப்பல் கதை முடிந்தது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். ஊருக்கு வந்து அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மாடிக்குத் துணி காயப் போடப் போனால் இறங்க ஒரு மணி நேரம் ஆக்கினாள். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் மருகினார்.

அவருடைய ஏக்கம் கடலுக்காக மட்டும் இல்லை. அந்தக் கப்பல் மொத்தமே பதினோரு எட்டு எடுத்து வைத்தால் முடிந்துவிடும். எங்கே திரும்பினாலும் பிரேமா இருந்தாள். மழை வந்தால் இரண்டு பேருமாக வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடித் தண்ணீர் பிடித்தார்கள். சாயங்காலம் அவளுடைய சேலையைப் பந்தலாகக் கட்டி, அதன் கீழே உட்கார்ந்து கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டு, கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் பேசாததை எல்லாம் பேசினார்கள். இந்த வீட்டில் மூன்று படுக்கையறை. அவள் ஓர் அறையில் சீரியல் பார்ப்பாள், இவர் ஓர் அறையில் விட்டத்தைப் பார்ப்பார். சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுவதற்குக்கூட அவள் போன் போட்டாள். அவருக்கு அந்தப் பதினோரு எட்டு திரும்ப வேண்டும்.

திட்டம் எளிது. தீவுகளில் சாப்பிட்டதை எல்லாம் தன் கையாலேயே சமைத்துப் போடுவது. வாசம் மூக்கில் ஏறினால் ஞாபகம் கண்ணில் இறங்காமலா போகும்? வெந்நீரைத் தீய விட்ட பெருமையுள்ளவர் என்பது ஒன்றுதான் இதில் இடைஞ்சல்.

கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு சுடலைக்கண்ணன் கடைக்குக் கிளம்பினார். அந்தத் தொப்பிக்கு ஒரு கதை உண்டு. ஒவ்வொரு தீவிலும் இறங்கும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் கேப்டன் பெயருக்கு ஒரு கட்டம், பக்கத்தில் கையெழுத்து. கையெழுத்துப் போடுகிறவன்தான் மாட்டுவான் என்பது துறைமுகத்தில் முப்பது வருஷம் அவர் கற்ற ஒரே பாடம். அதனால், "ஏளா, எம் பேரு அந்தக் கட்டத்துல அடங்காது. உம் பேருதான் சின்னது. நீயே போட்டுரு" என்று தள்ளிவிட்டார். எல்லாத் தீவிலும் அதிகாரிகள் எழுந்து நின்று 'கேப்டன் பிரேமா' என்று கை குலுக்கினார்கள். இவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஒருவகையில் அது நியாயமும்தான். மொட்டை மாடியில் சேலை காயப் போட்டு முப்பது வருஷம் காற்றோடு மல்லுக்கட்டியவளுக்குப் பாய் கட்டுவது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. இவருக்குப் பிடிபட்ட ஒரே பாய் படுக்கிற பாய். ஆனால் ஊரில் யாருக்கு அது தெரியப்போகிறது? தொப்பி இவர் தலையில் இருந்தது.

"வாங்க கேப்டன் அண்ணாச்சி" என்றார் சுடலைக்கண்ணன். "ஆமா, அந்தத் தீவெல்லாம் எங்கன இருக்கு?"

"மேற்கிந்தியத் தீவுவே."

"அப்ப பம்பாய்ப் பக்கமா?"

"அது போட்டும். சாதிக்காய் குடும்."

"ஐயையோ, பேரப்பிள்ளைக்கு வயித்தால போகுதா?"

"பிள்ளைக்கு இல்லவே, பெரியவளுக்கு. வயித்துக்கு இல்ல, மனசுக்கு."

சுடலைக்கண்ணன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டு காய் கூடுதலாகவே போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

கிரெனடாவில் தடுக்கி விழுந்தால் சாதிக்காய் மரத்தில்தான் விழ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதைத் தட்டிப் போட்டு ஒரு கஞ்சி காய்ச்சினார். பிரேமா ஒரு வாய் குடித்தாள். அவர் அவள் கண்ணையே பார்த்தார்.

"ஏதாவது ஞாபகம் வருதாளா?"

"வருது. அடுப்ப அணைச்சீங்களா?"

மறுவாரம் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் கறிப்பலாக்காய் வரவழைத்தார். தீவில் அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தின்பார்கள். ஒரு மத்தியானம் முழுக்கப் போராடி இறக்கினார்.

"சொதி மாதிரி இருக்குங்க. ஆனா தலைப்பால மொதல்லயே ஊத்திட்டீங்க, அதான் திரிஞ்சு போச்சு. ரெண்டாம்பால்ல வேகவிட்டுத் தலைப்பால கடைசில ஊத்தணும். நாளைக்கு இன்னொரு மட்டம் செஞ்சு பாருங்க."

பார்த்தார். மறுநாளும் பார்த்தார். சரி, மீன் தூண்டிலைச் சுற்றி வருகிறது என்று உள்ளுக்குள் துள்ளினார். புரட்டாசிக்குள் சோறு குழையாமல் வடித்தார். ரசம் நுரை கட்டும்போது இறக்கினார். வாழைக்காய் வறுவல் வட்டம் வட்டமாக விழுந்தது. பிரேமா எல்லாவற்றையும் சாப்பிட்டாள், எல்லாவற்றுக்கும் குறை சொன்னாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வெங்காயம் நறுக்கி அவர்தான் தினமும் அழுதார்.

ஐப்பசி கடைசி நாள் வந்தது. எஸ்றா காலையிலேயே கூப்பிட்டு, "என்னலே, குடுத்துரட்டா?" என்றார். "சாயங்காலம் வரை பொறு" என்று இவர் கெஞ்சினார். கையில் இன்னும் ஓர் அம்புதான் இருந்தது. அதை இத்தனை நாள் எப்படி மறந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கப்பலில் பிரேமா அவித்த முதல் இட்லி! அன்று காற்றில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. இட்லியும் சாய்ந்தே வெந்தது. ஒரு ஓரம் மெத்தை, மறு ஓரம் தோசை. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் புரையேறி, சட்னியை மறந்துவிட்டு வெறும் இட்லியைத் தின்றார்கள்.

அடுப்பின் இடப்பக்கக் கால்களுக்கு அடியில் பழைய ஓடு இரண்டைச் செருகினார். இட்லிக் கொப்பரையை ஏற்றினார். விழுந்துவிடாமல் பத்து நிமிஷமும் கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

தட்டைப் பார்த்ததும் பிரேமாவின் கை அப்படியே நின்றது. ஓர் இட்லியை எடுத்து, தடித்த ஓரத்தையும் மெலிந்த ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு துடித்தது. பொலபொலவென்று கொட்டியது கண்ணீர்.

சிவனணைந்தபெருமாளுக்கு ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. "அழாதளா" என்று அவளருகே உட்கார்ந்தார். "எனக்கு இங்கன இருப்பே கொள்ளல. நீ இல்லாம அங்கன போவும் மனசில்ல. கப்பலுக்குப் போவமா?"

"இந்த ஒரு வார்த்தையக் கேக்க மூணு மாசமா?" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு மட்டும் நெனப்பு இல்லன்னா நெனச்சீங்க? மாடில சேலை காயப் போடும்போது காத்துல படபடன்னு அடிக்கும். பாய் விரிச்ச மாதிரியே இருக்கும். கைய விட மனசே வராது. அப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"அப்ப கப்பல்ல இனிமே கால் வைக்க மாட்டேன்னியே?"

"காலா? அடுப்புல கை வைக்க மாட்டேன்னுதான சொன்னேன். நீங்க சாதிக்காய் வாங்கப் போறதுக்கு முந்தியே எஸ்றா அண்ணங்கிட்ட வாரோம்னு சொல்லியாச்சு. கெடு கிடு எல்லாம் நான் சொல்லச் சொன்னதுதான்."

உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். கப்பலில் வருகிறவர்களின் பட்டியலாம், அங்கே கொடுக்க வேண்டுமாம். "இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் கண்ணில் பதினோரு எட்டு நீளத்துக்குக் கடல் பளபளத்தது. பேனாவைப் பிடுங்கி, ஒரு எழுத்து படிக்காமல் போட்டார். முப்பது வருஷ சர்வீசில் இல்லாத வழக்கம். போட்டு முடித்துவிட்டுத்தான் மேலே பார்த்தார். 'கேப்டன்' என்ற கட்டத்தில் பிரேமா. அது தெரிந்ததுதான். தொப்பி தன் தலையில் இருக்கும்வரை கவலையில்லை. அடுத்த கட்டத்தில் தன் பெயரைத் தேடினார். காணவில்லை.

"ஏளா, எம் பேரு எங்க?"

பிரேமா சாய்ந்த இட்லியை ஒரு விள்ளல் பிட்டு, நிதானமாக மென்று முழுங்கினாள்.

"உங்க பேருதான் எந்தக் கட்டத்துலயும் அடங்காதே. அதான் 'குக்'னு போட்டுட்டேன். ரெண்டே எழுத்து. கச்சிதமா உக்காந்துட்டு."